மருந்து அடிக்காத மரம்

ஆப்பிள் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் ஆகஸ்ட் மாதம் வரிசை வரிசையாக நடந்து போனால், நடுநடுவே சில மரங்கள் பரிதாபமாக நிற்பதைப் பார்க்கலாம். இலைகள் பச்சை வெளுத்து வெண்கல நிறத்துக்குத் திரும்பியிருக்கும். காய்களில் பிறை வடிவத் தழும்பு, குழி, புழு துளைத்த ஓட்டை, ஓட்டை வாயில் மரத்தூள் போன்ற எச்சம். உதிர்ந்து கிடக்கும் காய்களைப் பொறுக்கினாலே கூடை நிரம்பும். பக்கத்து மரமோ காய் மின்ன நிற்கும். வெளியாள் பார்த்தால், இந்த மரத்துக்கு மருந்து அடிக்க மறந்துவிட்டார்கள் என்றே நினைப்பார். யாரும் மறக்கவில்லை. அந்த மரத்துக்கு எதையும் அடிக்கக் கூடாது என்று மொட்டு விடுவதற்கு முன்பே வரைபடம் போட்டு, தண்டில் வண்ண நாடா கட்டி, தெளிப்பானை இயக்குபவரிடம் தனியாகச் சொல்லியும் வைத்திருப்பார்கள். அந்த ஆண்டு அங்கே சோதிக்கப்படும் அத்தனை மருந்துகளுக்கும் தீர்ப்புச் சொல்லப்போவது அந்த மரம்தான்.

பூச்சியைக் கொல்வது பெரிய காரியமில்லை. கண்ணாடித் தட்டில் பத்துப் புழுக்களை விட்டு நஞ்சைத் தெளித்தால் பெரும்பாலானவை செத்துப்போகும். தோட்டத்தில் எழும் கேள்வி வேறு. இந்த மருந்தை அடித்ததால் இந்த மரத்தில் என்ன மாறியது? அடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதற்கு விடை சொல்ல முடியாது. ஒரே மரத்துக்கு ஒரே கோடையில் மருந்து அடிக்கவும் வேண்டும், அடிக்காமல் விடவும் வேண்டும் என்றால் எப்படி? பூச்சியியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அந்த உழைப்பில் ஒரு பகுதி, குறிப்பாக அமெரிக்காவிலும் கனடாவிலும், ஆப்பிள் தோட்டங்களில் நடந்தது.

ஆப்பிளுக்கு அத்தனை எதிரிகள். மரம் மத்திய ஆசியாவில் தோன்றி, ஐரோப்பா வழியாக வட அமெரிக்காவுக்குப் போனது. காட்லிங் அந்துப்பூச்சியும் கூடவே போனது. காய்க்குள் புகுந்து விதை வரை தின்னும் புழு இதனுடையது. ஏற்கெனவே அந்த மண்ணில் காட்டுப் பிளம் மரங்களில் வாழ்ந்துவந்த ஒரு கூன்வண்டு, புதிதாக வந்த காயையும் ஏற்றுக்கொண்டது. ஹாதார்ன் என்ற முள்மரத்தின் சிறு பழங்களில் முட்டையிட்டு வந்த ஓர் ஈ, 1860களில் ஹட்சன் பள்ளத்தாக்கில் ஆப்பிளுக்குத் தாவியது. ஓர் உயிரினம் உணவை மாற்றிக்கொண்டு புதிய இனமாகப் பிரியும் பாதையில் போவதற்கு உதாரணமாகப் பரிணாமவியல் புத்தகங்கள் இன்றும் இந்த ஈயைத்தான் காட்டுகின்றன. இவை போக அசுவினி, செதில் பூச்சி, இலைசுருட்டிப் புழு, நாவாய்ப்பூச்சி, எட்டுக் காலோடு இலையடியில் ஒளிந்திருக்கும் செஞ்சிலந்திப் பேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. ஒன்றை அடக்கும் மருந்து இன்னொன்றைத் தொடாமலும் போகலாம். இன்னொன்றைப் பெருக்கியும் விடலாம். கடைசியாகச் சொன்னது எப்படி நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் பல ஆண்டுகள் ஆயின.

ஆப்பிள் தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளை மரமும் பூச்சியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இலையில்லாத குளிர்காலக் கிளைகளில், மொட்டுகளின் அடியில், செஞ்சிலந்திப் பேனின் முட்டைகள் செந்தூள் அப்பியதுபோல் ஒட்டியிருக்கும். மொட்டில் பச்சை நுனி தெரியும் வாரங்களில் எண்ணெய்க் கரைசல் அடித்தால், முட்டை ஓட்டின் மேல் எண்ணெய்ப் படலம் மூடி உள்ளிருக்கும் கரு மூச்சுத் திணறிச் சாகும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்தைத் தொடவே கூடாது. தேனீ வேலை செய்யும் நேரம் அது. இதழ் உதிர்ந்ததும் கூன்வண்டுக்கான மருந்து.

காட்லிங் அந்துப்பூச்சிக்கு வெப்பக் கணக்கு இருக்கிறது. பெண் பூச்சி ஆணை அழைக்கச் சுரக்கும் மணப்பொருளை 1971இல் நியூயார்க் மாநிலத்து ஜெனிவா நகரின் ஆராய்ச்சி நிலையத்தில் வெண்டெல் ரோலஃப்ஸ் குழுவினர் இனங்கண்டார்கள். அந்தப் பொருளைத் தடவிய இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் பூச்சிகள் தொடர்ந்து விழத் தொடங்கும் நாளைக் குறித்துக்கொள்வார்கள். அன்று முதல், ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையும் 50 பாகை ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் அளவைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். சராசரி 60 என்றால் அன்றைக்கு 10. கூட்டுத்தொகை 250ஐ நெருங்கும்போது முதல் முட்டைகள் பொரியும். பொரிந்த புழு ஒரு நாளுக்குள் காய்க்குள் போய்விடும். போனபின் எந்தத் தெளிப்பும் அதைத் தொடாது. அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு கணக்கும். நல்ல மருந்தை ஒரு வாரம் தாமதமாக அடித்துவிட்டு, மருந்து சரியில்லை என்று எழுதிய சோதனைக்கு மதிப்பில்லை. அதனால் சோதனை அறிக்கையில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் தெளித்த தேதியும் மரம் இருந்த நிலையும் கட்டாயம் இருக்கும்.

இனி மரங்களைப் பிரிப்பதற்கு வருவோம். ஒரு தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் காடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூன்வண்டு குளிர்காலத்தை அந்தக் காட்டுச் சருகுக்குள் கழித்துவிட்டு, வசந்தத்தில் தோட்டத்துக்குள் வரும். எனவே காட்டோரத்து வரிசைகளில் சேதம் அதிகம். உள்ளே போகப் போகக் குறையும். ஒரு மருந்தைக் காட்டோரத்திலும் இன்னொன்றை நடுவிலும் அடித்தால், இரண்டாவது மருந்து ஒன்றும் செய்யாத வெறும் தண்ணீராக இருந்தாலும் வென்றுவிடும். மேடு பள்ளம், மண்ணின் ஈரம், முந்தைய ஆண்டில் பூச்சி எங்கே மண்டியிருந்தது என்பதெல்லாம் இதேபோல் ஏமாற்றக்கூடியவை.

இதற்கு மாற்று இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திலிருந்து வந்தது. 1919இல் அங்கே சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், வயல்வெளிச் சோதனைகளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். தோட்டத்தை நான்கு தொகுதிகளாகப் பிரி. ஒரு தொகுதிக்குள் வரும் மரங்களெல்லாம் காட்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா மருந்துகளும் ஒரு முறை வரவேண்டும், மருந்து அடிக்காத மரமும் ஒன்று வரவேண்டும். எந்த மரத்துக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானி. ஆய்வாளர் தன் கண்ணால் தேர்ந்தெடுத்தால், தனக்குப் பிடித்த மருந்துக்கு அறியாமலே நல்ல மரத்தைக் கொடுத்துவிடுவார். குலுக்கல் அந்தச் சலுகையைப் பறிக்கிறது. இந்த முறை மனிதரை நம்பவில்லை என்பதாலேயே நம்பத் தகுந்ததாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதன்பிறகும் சிக்கல் உண்டு. காற்றில் மருந்துத் துளி பக்கத்து மரத்துக்குப் பறக்கும். எனவே சோதனை மரங்களுக்கு நடுவே எந்தக் கணக்கிலும் சேராத காவல் மரங்களை விடுவார்கள். மரத்தின் உச்சிக்குத் துளி எட்டாமல் போகும். அதைக் கண்டறிய, ஈரம் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாகும் சிறு அட்டைகளைக் கிளைகளில் மாட்டி வைப்பார்கள். உச்சியில் அட்டை மஞ்சளாகவே இருந்தால் பிழை தெளிப்பானில் இருக்கிறது. மருந்தைக் குறைசொல்லிப் பயனில்லை. இன்னும் உரிமம் கிடைக்காத புது மருந்தாக இருந்தால், அறுவடை செய்த காய் அத்தனையையும் அழித்துவிட வேண்டும். ஒன்றும் சந்தைக்குப் போகக் கூடாது.

எண்ணும் வேலைதான் பொறுமையைச் சோதிப்பது. காயைத் தின்னும் பூச்சிக்கு, மரத்துக்கு நூறு காய் என்று பறித்து, ஒவ்வொன்றையும் கையில் சுழற்றிப் பார்ப்பார்கள். பிறை வடிவக் கீறல் என்றால் கூன்வண்டு முட்டையிட்ட இடம். சுருங்கிய குழி என்றால் நாவாய்ப்பூச்சி குத்தியது. எச்சம் தள்ளிய ஓட்டை என்றால் காட்லிங் புழு. சில காய்களில் ஊசியால் குத்தியது போன்ற ஒரு புள்ளி மட்டும் இருக்கும். கத்தியால் சீவினால் தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே பாதை முடிந்திருக்கும். அங்கே ஒரு புழு நுழைந்து, நஞ்சு ஏறிச் செத்திருக்கிறது. மருந்து வேலை செய்துவிட்டது, ஆனாலும் காயில் தழும்பு விழுந்துவிட்டது. இதை வெற்றி என்று எழுதுவதா, தோல்வி என்று எழுதுவதா? விவசாயிக்கு விலை குறையும். அதனால் நல்ல அறிக்கைகளில் இந்தப் புள்ளிகளுக்குத் தனிப் பத்தியே ஒதுக்குவார்கள்.

சிலந்திப்பேனை எண்ணுவது இன்னொரு வகை. வளர்ந்த பெண் பேன் அரை மில்லிமீட்டர்கூட இராது. கருஞ்சிவப்பு உடல், முதுகில் ஒவ்வொரு மயிரும் முளைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. முட்டை சிறிய வெங்காயம்போலச் சற்றே தட்டையாக, உச்சியில் மெல்லிய காம்போடு இருக்கும். பேன் இலையின் உயிரணுவைக் குத்தி, உள்ளிருக்கும் பச்சையத்தை உறிஞ்சுகிறது. அப்படி இலட்சக்கணக்கான உயிரணுக்கள் வெறுமையானால்தான் இலை வெண்கல நிறமாகிறது. ஓர் இலையில் நூறு பேன் இருக்கலாம், அவை ஓடிக்கொண்டும் இருக்கும். கண்ணால் பார்த்து எண்ண முடியாது. இதற்காக 1943இல் ஹெண்டர்சன், மக்பர்னி என்ற இருவர் ஒரு கருவியை விவரித்தார்கள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களின் செஞ்சிலந்திப் பேனுக்காகச் செய்தது அது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைத் தூரிகைகள். கீழே பசைப்பூச்சுப் பூசிய, சுற்றிக்கொண்டிருக்கும் கண்ணாடித் தட்டு. மரத்துக்கு 25 இலை என்று பறித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் தூரிகைகளுக்கு இடையே விடுவார்கள். இலை மறுபக்கம் வந்துவிடும். பேன், முட்டை, பேனைத் தின்னும் இரைவிழுங்கி எல்லாம் தட்டில் சீராகப் பரவி ஒட்டிக்கொள்ளும். தட்டைக் கட்டம் போட்ட தாளின் மேல் வைத்து, நுண்ணோக்கியில் குறிப்பிட்ட கட்டங்களை மட்டும் எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம். எண்பதாண்டு கடந்தும் பல ஆய்வகங்களில் இன்றும் இதே கருவி ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்ணியாயிற்று. இப்போது மருந்து அடிக்காத மரம் வாய் திறக்கும் நேரம்.

1925இல் அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியலாளர் டபிள்யூ. எஸ். அபட், மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதன் சாரம் இதுதான். மருந்து அடித்த இடத்தில் நூற்றுக்கு 84 பூச்சி செத்தது. அடிக்காத இடத்தில் தானாகவே 20 செத்தது. அப்படியானால் மருந்துக்கு உரிய பெருமை 84 அன்று. தானாகச் சாகாமல் எஞ்சியிருக்கக்கூடிய 80இல் 64ஐக் கொன்றிருக்கிறது. அதாவது நூற்றுக்கு 80. இவ்வளவுதான் சூத்திரம். கோயம்புத்தூரில் வேளாண்மை படிக்கும் மாணவரும் தன் ஆய்வேட்டில் இன்றும் இதைத்தான் எழுதுகிறார்.

சிலந்திப்பேனுக்கு இது போதாது. சூடான கோடையில் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். எண்ணிக்கை ஒரே இடத்தில் நிற்காது; தொடக்கத்திலேயே மரத்துக்கு மரம் வேறுபடும். 1955இல் ஹெண்டர்சனும் டில்டனும் கோதுமைச் சிலந்திப்பேன் சோதனைக்காகத் தந்த சூத்திரம் இதைச் சரிசெய்கிறது. மருந்து அடித்த மரத்தில் இலைக்கு 20ஆக இருந்த பேன் 10ஆகக் குறைந்தது என்று வையுங்கள். பாதிதான் செத்தது, சுமாரான மருந்து என்று தோன்றும். ஆனால் அதே வாரத்தில் மருந்து அடிக்காத மரத்தில் 10 என்பது 20ஆக ஏறியிருந்தால்? மருந்து அடித்த மரத்திலும் 40ஆக ஏறியிருக்க வேண்டியது 10இல் நிற்கிறது. நூற்றுக்கு 75 கட்டுப்பாடு. மறுபக்கமும் நடக்கும். பலத்த மழையாலோ இரைவிழுங்கிகளாலோ மருந்து அடிக்காத மரத்திலும் 20 என்பது 10ஆக இறங்கியிருந்தால், மருந்தின் பங்கு சுழியம். அந்த மரம் இல்லாத தோட்டத்தில், அடித்த மறுவாரமே பாதியாகக் குறைந்துவிட்டது என்று விவசாயி மனதார நம்பி, அடுத்த ஆண்டும் அதே மருந்தை வாங்குவார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவர் கண் கண்டது உண்மைதான். ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஒப்பீடு இல்லாமல் ஆப்பிள் உலகம் என்ன பாடுபட்டது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1892இல் மாசசூசெட்ஸில் வேறொரு காட்டு அந்துப்பூச்சிக்காக லெட் ஆர்சனேட் பயன்பாட்டுக்கு வந்தது. ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த உப்பு. ஆப்பிளுக்கு வந்து ஐம்பதாண்டு காலம் கோலோச்சியது. புழு தின்றால்தான் இது கொல்லும். காட்லிங் புழுவோ முதலில் கடித்தெடுக்கும் தோல் துணுக்குகளை விழுங்காமல் துப்பிவிடும் பழக்கமுள்ளது. ஆகவே காய் முழுக்க அப்ப வேண்டும். காய் வளர வளர மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டும். 1919இல் பாஸ்டன் நகரச் சுகாதார அதிகாரிகள் ஆர்சனிக் படிந்த ஆப்பிள்களை அழித்தார்கள். 1920களின் நடுவில் பிரிட்டன் அமெரிக்க ஆப்பிளை வாங்கத் தயங்கியது. அதன்பின் பெட்டியில் அடுக்குமுன் பழத்தை நீர்த்த அமிலத்தில் கழுவும் வழக்கம் வந்தது. அந்தப் பழைய தோட்டங்களின் மேல்மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் இன்றும் கிடக்கின்றன. அங்கே வீடு கட்டுமுன் மண்ணைச் சோதிக்கிறார்கள்.

இத்தனைக்கும் மருந்தின் பலம் குறைந்துகொண்டே வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஏ. எல். மெலாண்டர் 1914லேயே, மருந்துக்குப் பூச்சிகள் எதிர்ப்புப் பெற முடியுமா என்ற கேள்வியைத் தலைப்பாகவே வைத்து எழுதினார். கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்குச் சான் ஓசே செதில் பூச்சி சில ஊர்களில் மட்டும் சாகாததை அவர் பார்த்திருந்தார். மருந்தில் கலப்படம், அடித்தவர் சரியாக அடிக்கவில்லை என்பதுதான் அன்றைய வழக்கமான விளக்கம். 1928இல் வில்லியம் ஹஃப் அந்த விளக்கத்துக்கு இடமில்லாமல் செய்தார். லெட் ஆர்சனேட் தோற்றுக்கொண்டிருந்த கொலராடோவிலிருந்து காட்லிங் பூச்சிகளை வர்ஜினியாவுக்குக் கொண்டுவந்து, உள்ளூர்ப் பூச்சிகளோடு சேர்த்துச் சோதித்தார். ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே கை, ஒரே வகைக் காய். கொலராடோப் புழுக்கள் கூடுதலாக உள்ளே நுழைந்தன. வேறுபாடு புழுவின் உடலில் இருந்தது.

பிறகு டி.டி.டி. வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து தோட்டங்களுக்குக் கிடைக்கத் தொடங்கியதும், காட்லிங் சேதம் அதுவரை காணாத அளவுக்கு இறங்கியது. காயை மட்டும் எண்ணிய சோதனை அட்டவணைகளில் அதற்கு முழு மதிப்பெண். அந்த அட்டவணைகளில் ஒரு பத்தி விடுபட்டிருந்தது. சில கோடைகளுக்குள் மரங்கள் வெண்கல நிறமாகத் தொடங்கின. அதுவரை எங்கோ மூலையில் கிடந்த சிலந்திப்பேன் முதல்தரப் பகையாயிற்று. டி.டி.டி. அதைக் கொல்லவில்லை. அதைத் தின்றுகொண்டிருந்த சிறு கருவண்டுகளையும் இரைவிழுங்கிப் பேன்களையும் கொன்றுவிட்டது. சிலந்திப்பேனுக்கென்று புது மருந்துகள் வந்தன; சில ஆண்டுகளில் ஒவ்வொன்றும் தோற்றது. இதற்கும் காரணம் உடலில்தான். செஞ்சிலந்திப் பேனின் ஆண்கள் கருவுறாத முட்டையிலிருந்து, ஒற்றைத் தொகுதி மரபணுக்களோடு பிறக்கின்றன. எதிர்ப்பு தரும் மரபணு அவற்றில் எதன் பின்னாலும் ஒளிந்திருக்க முடியாது. வந்த தலைமுறையிலேயே வெளிப்பட்டு, சோதிக்கப்பட்டு, விரைவாகப் பரவிவிடும்.

இதற்கெல்லாம் முன்பே கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், அனாபொலிஸ் பள்ளத்தாக்கில், ஏ. டி. பிக்கெட் என்ற பூச்சியியலாளர் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார். அங்கே சிப்பி வடிவச் செதில் பூச்சி ஒன்று திடீரெனப் பெருகியது. அவரோடு பணிபுரிந்த எஃப். டி. லார்ட் அதற்கான காரணத்தைக் கண்டார். பூச்சிமருந்தின் மேல் பழியில்லை. காய்ச்சொறி நோய்க்காக அடித்த கந்தகப் பூசணக்கொல்லி, அந்தச் செதில் பூச்சியை அடக்கிவைத்திருந்த நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவியையும் இரைவிழுங்கிப் பேன் ஒன்றையும் ஒழித்துக்கொண்டிருந்தது. பூசணத்துக்கு அடித்த மருந்து பூச்சியை வளர்த்திருக்கிறது! கந்தகம் படாத தோட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால் இதை யார் ஊகித்திருப்பார்கள்? பிக்கெட் குழுவினர், இரைவிழுங்கிகளை அதிகம் பாதிக்காத மருந்துகளை மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் பயன்படுத்தும்படி தோட்டக்காரர்களை இணங்கவைத்தார்கள். 1962இல் வந்த தம் மௌன வசந்தம் நூலில் ரேச்சல் கார்சன் இந்தப் பணியைத் தனியாக எடுத்துச் சொன்னார்.

நான் மிகவும் மதிக்கும் சோதனை வாஷிங்டன் மாநிலத்தின் வெனாச்சியில் 1960களில் ஸ்டான்லி ஹொய்ட் நடத்தியது. நம் ஊர்ப் பழக்கடைகளில் வாஷிங்டன் ஆப்பிள் என்று விற்பது அந்த மாநிலத்துப் பழம்தான். காட்லிங் பூச்சிக்கு அப்போது அசின்ஃபாஸ் மெத்தைல் என்ற கடுமையான நஞ்சு வழக்கத்தில் இருந்தது. அதை அடித்த தோட்டங்களிலும் ஓர் இரைவிழுங்கிப் பேன் உயிரோடிருப்பதை ஹொய்ட் கவனித்தார். அந்த மருந்துக்கு அதுவும் எதிர்ப்புப் பெற்றிருந்தது. இத்தனை காலம் பகைவனுக்கு மட்டுமே கிடைத்துவந்த எதிர்ப்பு நண்பனுக்கும் கிடைத்திருக்கிறது. மருந்தைப் பாதி அளவுக்குக் குறைத்து, தனியாகப் பேன் மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டு எண்ணினார். இரைவிழுங்கி பெருகிச் சிலந்திப்பேனைக் கட்டிப்போட்டது. பாதி அளவு காட்லிங்குக்கும் போதுமாக இருந்தது. அடுத்து அவர் கண்டது இன்னும் நுட்பமானது. ஆப்பிள் இலையில் துருப்பேன் என்று ஒன்றுண்டு. அளவோடு இருந்தால் பெரிய கேடு செய்யாது. வசந்தத்தில் சிலந்திப்பேன் பெருகும் முன்பு, இரைவிழுங்கி அதைத் தின்றுதான் உயிர் பிழைக்கிறது. துருப்பேனையும் மருந்தடித்துத் துடைத்துவிட்டால் காவல்காரருக்குச் சோறில்லை. மரத்தில் சாப்பிட ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு தீங்குயிரை விட்டுவைக்கச் சொல்லும் பரிந்துரை, எண்ணிப் பார்த்துக் கிடைத்த எண்களிலிருந்து வந்தது. 1969இல் அவர் அதை வெளியிட்ட பின், வாஷிங்டன் தோட்டக்காரர்கள் பலர் பேன் மருந்துச் செலவை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு சோதனை அட்டவணைகளின் வடிவமே மாறியது. இன்றைய ஆப்பிள் சோதனை ஒன்றில் செஞ்சிலந்திப் பேனின் முட்டை, நடமாடும் பேன், துருப்பேன், இரைவிழுங்கிப் பேன் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். மருந்தை எப்போது அடிக்க வேண்டும் என்பதும் எண்ணிக்கையைப் பொறுத்தது. நியூயார்க் பரிந்துரைப்படி இலைக்குச் சராசரியாக ஜூனில் 2.5, ஜூலையில் 5, ஆகஸ்டில் 7.5 நடமாடும் பேன் வரை பொறுத்துக்கொள்ளலாம். காய் முற்ற முற்ற மரத்தின் தாங்கும் சக்தி கூடுகிறது என்பதால் இந்த ஏற்றம். இப்படிப்பட்ட முடிவுகளை அமெரிக்கப் பூச்சியியல் சங்கம் 1976 முதல் ஆண்டுதோறும் தொகுத்து வெளியிட்டு வருகிறது. ஒரு சோதனைக்கு ஓரிரு பக்கந்தான். வேலை செய்யாத மருந்தும் பெயரோடு, அளவோடு அங்கே அச்சாகும். விளம்பரத்தில் வராத செய்தி அது. விவசாயிக்கு அதைவிடப் பயன் தருவது குறைவு.

எல்லாவற்றையும் ஒற்றை மரத்தில் சோதிக்கவும் முடியாது. பெண் பூச்சியின் மணத்தைத் தோட்டம் முழுக்கப் பரப்பி, ஆண் பூச்சிகள் திசை தெரியாமல் அலையும்படி செய்யும் முறை 1990களில் ஆப்பிளுக்குப் பரவலாக வந்தது. அங்கே மருந்து எதையும் கொல்வதில்லை, சேர்க்கையைத்தான் தடுக்கிறது. சிறு பாத்தியில் சோதித்தால், வெளியே சேர்ந்துவிட்ட பெண் பூச்சி பறந்துவந்து முட்டையிட்டுப் போகும். நல்ல முறை தோற்றதாகப் பதிவாகும். ஏக்கர் கணக்கில் தோட்டம் வேண்டும். ஒப்பிடுவதற்கும் தொலைவில் அதே அளவு தோட்டம் வேண்டும். அவ்வளவு பெரிய பரப்பைப் பூச்சிக்கு விட்டுக்கொடுக்க யாராலும் முடியாது. அதனால் அங்கே வழக்கமான மருந்து அடித்த தோட்டமே ஒப்பீடாக நிற்கும். வேறு வழியில்லை என்றாலும், அதில் கிடைக்கும் விடை ஒரு படி குறைந்ததுதான்.

அண்மைக் காலத்தில் இந்தத் துறையை உலுக்கியது கிழக்காசியாவிலிருந்து வந்த பழுப்பு நாவாய்ப்பூச்சி. பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் கால்பதித்து, 2010இல் அமெரிக்காவின் நடு அட்லாண்டிக் மாநிலங்களின் ஆப்பிளில் மட்டும் சுமார் 3.7 கோடி டாலர் சேதம் விளைவித்தது. மேற்கு வர்ஜினியாவின் கியர்னிஸ்வில் ஆய்வு நிலையத்தில் டிரேசி லெஸ்கி குழுவினர் கைவசம் இருந்த மருந்துகளை வரிசையாகச் சோதித்தார்கள். பைரித்ராய்டு வகை மருந்துபட்ட பூச்சிகள் உடனே மல்லாந்து விழுந்தன. அன்றே எண்ணியிருந்தால் அருமையான மருந்து என்று எழுதியிருக்கலாம். அவர்கள் ஏழு நாள் காத்திருந்தார்கள். அந்த ஒரு வாரத்துக்குள், செத்ததாகத் தோன்றியவற்றில் கணிசமானவை எழுந்து நடந்தன. 2012இல் வெளியான அந்த முடிவு, பல மருந்துகளின் தரவரிசையைப் புரட்டிப்போட்டது.

வேறு வழியில்லாத தோட்டக்காரர்கள் கடுமையான மருந்துகளை அடிக்கடி அடித்தார்கள். முப்பதாண்டு காலம் பார்த்துப் பார்த்து வளர்த்த இரைவிழுங்கிகள் அடிபட்டன. பல தோட்டங்களில் சிலந்திப்பேன் மீண்டும் தலைதூக்கியது. 2014இல் மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் இந்த நாவாய்ப்பூச்சியின் முட்டைக்குள் முட்டையிடும் சாமுராய் குளவி, யாரும் கொண்டுவந்து விடாமலே, காட்டில் காணப்பட்டது. எள்ளளவுகூட இல்லாத அந்தக் குளவிக்கு எந்த மருந்து எத்தனை நாள் நஞ்சாக இருக்கிறது என்பதுதான் இப்போது சோதிக்கப்படுகிறது. குளவி துளைத்த முட்டைக் கொத்துகளில் மருந்து பட்டால் உள்ளிருந்து எத்தனை குளவிகள் வெளியே வருகின்றன, மருந்து உலர்ந்த இலைமேல் விட்ட குளவி எவ்வளவு நேரம் பிழைக்கிறது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையையும் மருந்து படாத முட்டைக் கொத்தோடும், மருந்து படாத இலையோடும் ஒப்பிட்டுத்தான் எழுதுகிறார்கள்.